மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. இல்லாமல் பிழைக்கும் செல்கள்: லாஸ்பேட்டைச் செய்முறை வகுப்பு ஒன்றின் மதிப்புரை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இயங்கும் தனியார் உயிரியல் பயிற்சிக்கூடம் ஒன்று, முதுநிலை மாணவர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் என இரண்டு வார இறுதிகளில் நடத்தும் செய்முறை வகுப்பில் அண்மையில் கலந்துகொண்டேன். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் இழந்துவிட்ட ஒரு செல் எவ்வாறு தன்னை மாற்றியமைத்துக்கொண்டு உயிர்வாழ்கிறது என்பதே வகுப்பின் பொருள். கட்டணம் 4,500 ரூபாய்; மதியச் சாப்பாடும் தேநீரும் அதில் அடக்கம். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் காலையில் பேருந்து ஏறி மாலையில் வீடு திரும்பிவிடலாம் என்பதால் இந்தப் பணத்தைக் கொடுக்கலாமா என்று கேட்கும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். ஈஸ்ட் பகுதிக்காகத் தாராளமாகக் கொடுக்கலாம், மனித செல்களைப் பற்றிய பகுதிக்காகக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விளம்பரத் தாளில் "ஆற்றலே இல்லாமல் வாழும் செல்களின் மர்மம்" என்று அச்சிட்டிருந்தார்கள். மர்மமும் இல்லை, ஆற்றல் இல்லாமலும் இல்லை. மனித மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. 16,569 காரஇணைகள் கொண்ட ஒரு சிறு வளையம். அதில் இருப்பவை 37 ஜீன்கள். அவற்றுள் 13 மட்டுமே புரதங்களுக்கு உரியவை, மற்றவை அந்தப் புரதங்களைத் தயாரிக்கத் தேவையான ஆர்.என்.ஏ.க்களுக்கு உரியவை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை செய்யும் மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களுக்கான ஜீன்கள் உட்கருவில் இருக்கின்றன. அப்புரதங்கள் சைட்டோபிளாசத்தில் தயாராகி உள்ளே இறக்குமதி ஆகின்றன. ஆகவே இந்த வளையத்தை இழந்த செல்லிலிருந்து மைட்டோகாண்ட்ரியா மறைந்துவிடுவதில்லை. சுவாசச் சங்கிலி எனப்படும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் முக்கியப் பாகங்களும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் நொதியின் சில பாகங்களும் இல்லாத ஒரு மைட்டோகாண்ட்ரியா அங்கே தொடர்ந்து இருக்கிறது. ஏ.டி.பி.யைப் பொறுத்தவரை, சர்க்கரை தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் சர்க்கரையைச் சுவாசமின்றி உடைக்கும் கிளைக்காலிசிஸ் மூலமாகவே செல் பிழைப்பை ஓட்டிவிடும். சுவாசம் நின்ற பிறகு செல் உண்மையில் எதற்காகத் திண்டாடுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விளம்பரத்தை எழுதியவர் அதைத் தவறவிட்டிருந்தாலும், ஈஸ்ட் பகுதியை நடத்திய ஆசிரியை முதல் மணி நேரத்திலேயே அந்தக் கேள்விக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

செய்முறை, ரொட்டிக்கடைகளுக்குச் சரக்கு விற்கும் கடையில் வாங்கிய சாதாரண உலர் ஈஸ்ட்டுடன் தொடங்கியது. புதுச்சேரியில் நீள ரொட்டி தினமும் வேகிற ஊர் என்பதால் நல்ல ஈஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. அதைக் குளுக்கோஸ் ஊடகத்தில் எத்திடியம் புரோமைடு கலந்து வளர்த்தார்கள். எத்திடியம் நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு; உட்சவ்வின் உள்பக்கம் எதிர்மின்னூட்டமாக இருப்பதால் அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்ச் சேர்ந்து, அங்குள்ள டி.என்.ஏ. இரட்டிப்பாவதைத் தடுக்கிறது. செல் பிரிந்துகொண்டே போக, வளையத்தின் பிரதிகள் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இப்படி வளர்ந்தவற்றை அகார் தட்டுகளில் பரப்பி, அடுத்த வார இறுதி வரை வைத்திருந்தார்கள். 30 டிகிரி இன்குபேட்டர் என்று செய்முறைக் குறிப்பு சொன்னது. புதுச்சேரியின் கோடையில் மேசை மேல் வைத்தாலே போதும் என்பது வேறு விஷயம்.

இரண்டாம் வாரம் தட்டுகளைத் திறந்தபோது கண்ட காட்சிக்காகவே பாதிக் கட்டணத்தைக் கொடுக்கலாம். எத்திடியம் படாத தட்டில் பருத்த, வழவழப்பான, பால் நிறக் கூட்டமைப்புகள். எத்திடியம் பட்ட தட்டில் அவற்றில் பாதி விட்டம்கூட இல்லாத புள்ளிகள். சர்க்கரையை நொதித்து எத்தனால் ஆக்கும் வரை இரண்டும் வளர்கின்றன. சர்க்கரை தீர்ந்தபின் தான் வெளியிட்ட எத்தனாலையே சுவாசித்து மேலும் வளர ஆரோக்கியமான ஈஸ்ட்டால் முடிகிறது, மற்றதால் முடிவதில்லை. கிளிசரால் மட்டும் உள்ள தட்டுக்கு இரண்டையும் மாற்றிப் பதித்தபோது சிறிய கூட்டமைப்புகள் முளைக்கவே இல்லை. பிறகு, டெட்ரசோலியம் சாயம் கலந்த வெதுவெதுப்பான அகாரை ஒரு கலப்புத் தட்டின் மேல் மெதுவாக ஊற்றச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பெரிய கூட்டமைப்புகளின் நடுவில் இளஞ்சிவப்பு தோன்றி, ஓரம் வரை பரவி, அடர்ந்த சிவப்பாகியது. இடையிடையே கிடந்த சிறியவை வெள்ளையாகவே இருந்துவிட்டன. சுவாசச் சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்களை வாங்கித்தான் அந்தச் சாயம் சிவக்கிறது. சங்கிலி இல்லாத இடத்தில் கொடுக்க எலக்ட்ரான் இல்லை. பாடநூலில் அம்புக்குறிகளாகப் பார்த்துப் பழகிய ஒன்றை ஒரே தட்டில் அக்கம்பக்கமாக நிறத்தில் பார்ப்பது வேறு அனுபவம். மாணவர்கள் கைபேசியில் படம் எடுத்துத் தள்ளியதைக் குறை சொல்ல முடியாது.

இந்தச் சிறிய கூட்டமைப்புகளுக்கு 'பெட்டிட்' என்று பெயர். பாரிஸில் போரிஸ் எஃப்ருஸ்ஸியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1949ஆம் ஆண்டில், ரொட்டி ஈஸ்ட்டின் மீது அக்ரிஃபிளாவின் என்ற சாயத்தைச் செலுத்தி, ஏறத்தாழ எல்லாச் செல்களையுமே இப்படி மாற்றிக் காட்டினார்கள். உட்கரு ஜீன் ஒன்றில் தற்செயலாக நேரும் மாற்றம் இவ்வளவு செல்களில் ஒரே நேரத்தில் நேராது. கலப்பு செய்தபோது மெண்டலின் விகிதமும் கிடைக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் டி.என்.ஏ. இருப்பதை உறுதியாகக் காட்டிய ஆய்வுகள் 1963, 1964ஆம் ஆண்டுகளில்தான் வந்தன என்பதை நினைத்தால், பொருள் கண்ணில் படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் இழப்பு பதிவாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். இந்த வரலாற்றை ஆசிரியை நிதானமாக, தமிழிலேயே, பெயர்களை விழுங்காமல் சொன்னார்.

ஒரு குறை இங்கேயே இருக்கிறது. சிறியதாக, வெள்ளையாக இருக்கும் கூட்டமைப்பில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. முழுவதும் போய்விட்டது என்று தட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வளையத்தின் ஒரு துண்டு மட்டும் மிஞ்சி, அதுவே திரும்பத் திரும்பப் பெருகியிருக்கும் 'ரோ மைனஸ்' செல்லும் இதே தோற்றத்தில்தான் இருக்கும். ஒன்றுமே மிஞ்சாத 'ரோ ஜீரோ' செல்லைப் பிரித்தறிய, டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் டாப்பி சாயமிட்டு ஒளிரும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்: உட்கருவைத் தவிர வேறு எங்கும் ஒளிப்புள்ளி இருக்கக்கூடாது. பயிற்சிக்கூடத்தில் அந்த நுண்ணோக்கி இல்லை. திரையில் படம் காட்டினார்கள். இல்லாததைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் சான்றிதழில் "ரோ ஜீரோ செல்களை உருவாக்கிப் பயிற்சி பெற்றார்" என்று அச்சிட்டிருப்பது செய்ததைவிட ஒரு படி கூடுதல்.

வகுப்பின் மிகச் சிறந்த பகுதியும் மிகப் பெரிய பிழையும் ஒரே உரையில் வந்தன. மாணவர் ஒருவர், "மேடம், சுவாசிக்கவே முடியாத செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா எதற்கு? தூக்கி எறிந்துவிடலாமே?" என்று கேட்டார். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் மின்னழுத்தம் இருந்தால்தான் புரதங்கள் உள்ளே வரும், புரதங்கள் வந்தால்தான் இரும்பு-கந்தகக் கொத்துகள் தயாராகும், அவை இல்லாமல் எந்த ஈஸ்ட்டும் வாழாது என்று ஆசிரியை பதில் சொன்னார். முற்றிலும் சரி. இந்தக் கொத்துகள் சுவாசத்துக்கு மட்டும் உரியவை அல்ல, உட்கருவில் டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும், பழுதுபார்க்கும் நொதிகள் பலவற்றுக்கும் அவை வேண்டும். மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை இழந்த ஈஸ்ட், சில தலைமுறைகளில் ஒரு நெருக்கடிக்குள் சென்று, உட்கரு மரபுத்தொகுதியே நிலைகுலைவதையும், அதற்கு இரும்பு-கந்தகக் கொத்துகளின் குறைபாடு காரணமாவதையும் 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த நெருக்கடியைத் தாண்டி வருபவை மெதுவாகத் தேறுகின்றன. ஆக, தட்டில் நாம் பார்த்த சிறு புள்ளிகள் வெறுமனே பட்டினி கிடந்தவை அல்ல. ஒரு தேர்வைக் கடந்து வந்தவை.

ஆனால் அந்த மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் கையேடு சறுக்கிவிட்டது. சாதாரணமாகப் புரோட்டான் ஓட்டத்தால் சுழன்று ஏ.டி.பி. தயாரிக்கும் நொதி, ரோ ஜீரோ செல்லில் தலைகீழாகச் சுழன்று, ஏ.டி.பி.யைச் செலவழித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது என்று படம் போட்டிருந்தார்கள். மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தருவதைப் போல என்று உவமையும் சொல்லப்பட்டது. சுவாசச் சங்கிலி மட்டும் நின்றுபோன செல்லுக்கு அது பொருந்தும். ரோ ஜீரோ செல்லுக்குப் பொருந்தாது; ஏனெனில் புரோட்டான் கடந்துசெல்லும் வழியை அமைக்கும் பாகங்களே மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வில் குறிக்கப்பட்டவை. மனிதரில் ஏ.டி.பி.6, ஏ.டி.பி.8 என்ற இரண்டு. ஈஸ்ட்டில் அவற்றுடன் ஏ.டி.பி.9. அவை போன பிறகு நொதியின் சவ்வுப்பகுதி வேலைக்கு ஆகாது. எஞ்சி நிற்பது எஃப்-1 என்ற தலைப்பகுதி மட்டும், அது ஏ.டி.பி.யின் மூன்று பாஸ்பேட்டுகளில் ஒன்றைக் கழற்றி, அதை அடினோசின் டைபாஸ்பேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கிறது.

மின்னழுத்தத்தை உண்டாக்குவது அடுத்த படி. உட்சவ்வில் உள்ள ஒரு கடத்தி, வெளியிலிருந்து ஓர் ஏ.டி.பி.யை உள்ளே விட்டு, உள்ளே இருக்கும் ஓர் அடினோசின் டைபாஸ்பேட்டை வெளியே விடுகிறது. ஏ.டி.பி.க்கு நான்கு எதிர்மின்னூட்டம், டைபாஸ்பேட்டுக்கு மூன்று. ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே ஓர் எதிர்மின்னூட்டம் கூடுகிறது. சவ்வின் மின்னழுத்தம் இந்தக் கணக்கிலிருந்து வருவது. இதற்கு நேரடியான சான்றும் உண்டு: இந்தக் கடத்தியைத் தடுக்கும் போங்கிரெகிக் அமிலம் சுவாசிக்கும் ஈஸ்ட்டை நொதித்தலில் பெரிதாகப் பாதிப்பதில்லை, ஆனால் சுவாசிக்க முடியாத ஈஸ்ட்டின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. ஜாவாவில் கெட்டுப்போன தேங்காய்ப் பிண்ணாக்கு உணவால் மக்கள் இறந்ததற்குக் காரணமான நஞ்சு அது. கடத்தியின் ஜீனில் பழுதுள்ள ஈஸ்ட் வகையால் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை இழந்து வாழவே முடிவதில்லை என்பதும் பல காலமாகத் தெரிந்த செய்தி. கையேட்டின் படத்தை அடுத்த அணிக்கு முன்பாவது மாற்ற வேண்டும். இது நுணுக்கம் பார்க்கும் குறை அன்று, பாடத்தின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது.

இந்த அச்சாணியைப் பிடித்துக்கொண்டால், வகுப்பில் தனித்தனியாகச் சொல்லப்பட்ட பலவும் ஒன்றோடொன்று சேர்கின்றன. பாலில் வளரும் குளுய்வெரோமைசஸ் லாக்டிஸ் என்ற ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை இழந்தால் இறந்துவிடும். கான்பெராவில் சென், கிளார்க்-வாக்கர் ஆகியோர் 1990களில் அதைப் பிழைக்கவைக்கும் திடீர்மாற்றங்களைத் தேடியபோது, அவை எஃப்-1 தலைப்பகுதியின் ஆல்ஃபா, பீட்டா, காமா துணை அலகுகளில் வந்து விழுந்தன. கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவர், "சர்ரா நோய்க்கிருமிக்கும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. சரியாக இல்லை என்று படித்திருக்கிறோமே?" என்று கேட்டதற்கு, வகுப்பில் "அது வேறு பாடம்" என்று பதில் கிடைத்தது. அது இதே பாடம். 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் குதிரை, ஒட்டக இரத்தத்தில் கண்ட சர்ரா கிருமியான டிரிபனோசோமா எவான்சி, கைனெட்டோபிளாஸ்ட் எனப்படும் தன் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைப் பகுதியாகவோ முழுமையாகவோ இழந்த உயிரி. அதன் ஏ.டி.பி. நொதியின் காமா துணை அலகில் உள்ள ஒரே ஒரு மாற்றமே அந்த இழப்பை ஈடுசெய்யப் போதுமானது என்று 2013இல் காட்டப்பட்டது. ஈஸ்ட்டும் ஒட்டுண்ணியும் பரிணாமத்தில் எவ்வளவோ தூரத்தில் இருந்தும் ஒரே நொதியின் ஒரே பகுதியைத் திருத்திக்கொண்டு பிழைத்திருக்கின்றன. கேட்ட மாணவிக்கு இதைத் தேநீர் இடைவேளையில் நான் சொல்ல வேண்டியிருந்தது.

மைட்டோகாண்ட்ரியாவின் நிலைமையை உட்கருவுக்குத் தெரிவிக்கும் பின்னோக்குச் சமிக்ஞை பற்றிய பகுதி சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது. டெக்சாஸில் ரொனால்ட் புட்டோவின் ஆய்வகம் கண்டறிந்தது இது: பெட்டிட் செல்களில் ஆர்.டி.ஜி.1, ஆர்.டி.ஜி.3 என்ற புரதங்கள் உட்கருவுக்குள் சென்று சிட்2 என்ற ஜீனைப் பலமாக இயக்குகின்றன. அது பெராக்சிசோம் என்ற செல் உறுப்பில் சிட்ரேட் தயாரிக்கும் நொதிக்கு உரியது. கிரெப்ஸ் சுழற்சி வழக்கம்போல் ஓடாதபோது குளூட்டமேட்டுக்கான மூலப்பொருளைச் செல் வேறு வழியில் தேடிக்கொள்கிறது. அதே பெட்டிட் செல்களில் மருந்துகளை வெளியேற்றும் பம்புகள் கூடுவதால் பூஞ்சைக்கொல்லிகளுக்கு எதிர்ப்பு உண்டாவதையும் ஆசிரியை குறிப்பிட்டார். மருத்துவமனைப் பூஞ்சைகளுள் ஒன்றான கேண்டிடா கிளாப்ராட்டாவில் இது கவலைக்குரிய செய்தி. விளம்பரத் தாளில் வந்த "முதுமையை வெல்லும் ரகசியம்" என்ற வரி இந்தப் பகுதியிலிருந்து பிடுங்கப்பட்டதாக இருக்க வேண்டும். சில ஈஸ்ட் வகைகளில் இந்தச் சமிக்ஞை ஆயுளைக் கூட்டுகிறது. வேறு சில வகைகளில் கூட்டுவதில்லை. ரகசியம் அவ்வளவுதான்.

மனித செல்களைப் பற்றிய அரைநாள் உரையை வேறொருவர் நடத்தினார். அவர் கையேட்டைப் படித்தார் என்று சொல்வதே பொருத்தம். 1989இல் கிங், அட்டார்டி ஆகியோர் மனித எலும்புப் புற்றுச் செல்களிலிருந்து ரோ ஜீரோ செல்களை உருவாக்கியதும், அவை வாழ யூரிடினும் பைருவேட்டும் ஊடகத்தில் சேர்க்க வேண்டியிருந்ததும் சரியாகச் சொல்லப்பட்டன. யூரிடின் ஏன் என்பதும் விளக்கப்பட்டது: பிரிமிடின் தயாரிப்பின் ஒரு படியில் வரும் டைஹைட்ரோஒரொட்டேட் டிஹைட்ரோஜினேஸ் உட்சவ்வில் அமர்ந்து தன் எலக்ட்ரான்களைச் சுவாசச் சங்கிலியிடம்தான் ஒப்படைக்கிறது, வாங்க ஆள் இல்லாததால் அந்தப் படி நின்றுவிடுகிறது. ரொட்டி ஈஸ்ட்டில் இதே நொதி சைட்டோபிளாசத்தில் இருந்துகொண்டு எலக்ட்ரான்களை ஃபியூமரேட்டிடம் கொடுப்பதால் அதற்கு யூரிடின் தேவைப்படுவதில்லை. முந்தைய வாரத் தட்டுகளோடு இணைத்துச் சொல்லியிருக்க வேண்டிய அருமையான ஒப்பீடு இது, ஒருவரும் இணைக்கவில்லை.

பைருவேட் பற்றிய விளக்கம் தவறு. "கூடுதல் ஆற்றலுக்காக" என்று கையேடு சொல்கிறது. பைருவேட் லாக்டேட்டாக மாறும்போது, எலக்ட்ரான்களைச் சுமந்திருக்கும் என்.ஏ.டி.எச். அவற்றை இறக்கிவிட்டு மீண்டும் என்.ஏ.டி. ஆகிறது, செல்லுக்கு வேண்டியது அந்த என்.ஏ.டி.தான். 2015இல் ஒரே இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள் இதை இன்னும் கூர்மையாக்கின: பெருகும் செல்லுக்குச் சுவாசச் சங்கிலி செய்துகொடுக்கும் இன்றியமையாத உதவி, அஸ்பார்ட்டேட் தயாரிப்புக்கு வழிவிடுவது. அஸ்பார்ட்டேட் இல்லாமல் புரதமும் இல்லை, நியூக்ளியோடைடுகளும் இல்லை. "செல் எதற்காகத் திண்டாடுகிறது" என்று முதல் நாள் எழுப்பிய கேள்விக்கு மனித செல்லிலிருந்து கிடைக்கும் பதில் இதுவே. அது கையேட்டில் இல்லை. 2020இல் தெளிவான மற்றொரு பாதையும் கையேட்டில் இல்லை: மைட்டோகாண்ட்ரியா சிரமப்படும்போது ஓமா1 என்ற நொதி டெலி1 என்ற புரதத்தை வெட்ட, வெட்டுண்ட துண்டு சைட்டோபிளாசத்துக்கு வந்து எச்.ஆர்.ஐ. என்ற கைனேஸைத் தூண்டி, ஏ.டி.எஃப்.4 என்ற புரதத்தின் மூலம் அமினோ அமிலத் தயாரிப்பு ஜீன்களை இயக்குகிறது. அதேபோல், ரோ ஜீரோ புற்றுச் செல்களை எலியின் உடலில் செலுத்தியபோது அவை எலியின் செல்களிலிருந்து மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைப் பெற்றுக்கொண்ட பிறகே கட்டியாக வளர்ந்தன என்ற 2015ஆம் ஆண்டுச் செய்தியைச் சொல்லியிருந்தால், தூங்கி வழிந்த கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பழைய எச்.ஐ.வி. மருந்தான ஸ்டாவுடின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைக் குறைத்து, சிலருக்கு லாக்டிக் அமிலத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றியதை நம் நாட்டு மருத்துவர்கள் நேரில் கண்டவர்கள்; அந்த அனுபவமும் வகுப்பில் பேசப்படவில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எத்திடியம் புரோமைடு மரபுப்பொருளோடு பிணையும் வேதிப்பொருள். நைட்ரைல் கையுறை கொடுத்தார்கள், தனி மேசை ஒதுக்கினார்கள், பாராட்டுகிறேன். ஆனால் கழிவைச் சேர்த்த குப்பிகளில் ஒன்றின் மேல் பெயர்ச்சீட்டே இல்லை, அது கைகழுவும் தொட்டிக்கு அருகிலேயே இருந்தது. கேட்டபோது, கரித்தூளில் உறிஞ்சவைத்துப் பிறகு ஒப்படைப்போம் என்றார்கள். முறை சரிதான், சீட்டு ஒட்ட ஒரு நிமிடம் போதும்.

மற்றவை: அறையில் ஏ.சி. உண்டு, நுண்குழாய்கள் அளவு தப்பாதவை, இருவருக்கு ஒரு செட் தட்டுகள். சாப்பாடு சாதாரணம். தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழிலேயே பதில் கிடைக்கிறது. முதுநிலை விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்ப மாணவர்களுக்கு ஏற்றது. இளநிலை முதலாண்டு மாணவர்கள் சுவாசச் சங்கிலியை ஒருமுறை படித்துவிட்டுப் போனால் நல்லது. ஈஸ்ட் வார இறுதிக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுப்பாருங்கள். விளம்பரத்தில் போடவில்லை என்றாலும், எங்கள் அணியில் ஒருவருக்கு 2,500 ரூபாய்க்கு அப்படிக் கொடுத்தார்கள்.